சிவப்புப் பாண்டா - கொஞ்சினால் மட்டும் போதுமா?

'நெருப்பு நரி' என்றதும் இணையத்தில் உலவுபவர்களுக்கு ஃபயர்ஃபாக்ஸ் உலாவிதான் நினைவுக்கு வரும். 2004-ல் மொசில்லா அந்த உலாவிக்குச் சூட்டிய பெயர், உண்மையில் சிவப்புப் பாண்டா என்ற விலங்குக்கு இருக்கும் இன்னொரு பெயர். ஆனால் சின்னத்தில் உலக உருண்டையைச் சுற்றிப் படுத்திருப்பது என்னவோ ஒரு நரி! பெயர் ஒருவருக்கு, படம் இன்னொருவருக்கு.

இந்த விலங்கின் ராசியே அப்படித்தான் போலிருக்கிறது. 'பாண்டா' என்ற பெயரே முதலில் இதனுடையதுதான். 1821-ல் தாமஸ் ஹார்ட்விக் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி இமயமலையில் கிடைத்த இந்த விலங்கைப் பற்றி லண்டன் லின்னேயன் சங்கத்தில் கட்டுரை வாசித்தார். அது அச்சேறுவதற்குள், 1825-ல் ஃபிரெடரிக் குவியே என்ற பிரெஞ்சு அறிஞர் 'ஐலூரஸ் ஃபுல்ஜென்ஸ்' என்று அறிவியல் பெயர் வைத்துவிட்டார். 'ஒளிரும் பூனை' என்று பொருள். கறுப்பு வெள்ளைப் பாண்டாவை மேற்குலக அறிவியல் அறிந்துகொண்டது 1869-ல். அதாவது 44 ஆண்டுகள் கழித்து! ஆனால் இன்று 'பாண்டா' என்றால் எல்லோர் கண்முன்னும் வருவது அந்தப் பெரிய கரடிதான். மூத்தவனின் பெயரைத் தம்பி எடுத்துக்கொண்டான், மூத்தவன் 'சின்னப் பாண்டா' ஆகிவிட்டான்.

பெயர் போனால் போகட்டும். காடு போகிறதே, அதுதான் கவலை. இணையத்தில் இந்த விலங்கின் படங்களுக்குப் பஞ்சமே இல்லை. 2008-ல் வந்த 'குங்ஃபூ பாண்டா' படத்தின் குரு ஷிஃபு ஒரு சிவப்புப் பாண்டா. 2022-ல் வந்த 'டர்னிங் ரெட்' படத்தில் ஒரு பள்ளிச் சிறுமியே சிவப்புப் பாண்டாவாக மாறுகிறாள். இவ்வளவு செல்லம் கொஞ்சப்படும் விலங்கு, காட்டில் 10,000-க்கும் குறைவாகவே இருக்கலாம் என்பது பரவலான கணிப்பு. 2015-ல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை அழியும் ஆபத்தில் உள்ள இனமாக அறிவித்தது. சுமார் 18 ஆண்டுகளில், அதாவது இந்த விலங்கின் மூன்று தலைமுறைக் காலத்தில், எண்ணிக்கை பாதியாகக் குறைந்திருக்கும் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

ரசிகர்கள் பெருகுகிறார்கள், விலங்கு குறைகிறது. எங்கே தப்பு?

யார் இந்தச் சிவப்புப் பாண்டா?

வீட்டுப் பூனையைவிடக் கொஞ்சம் பெரியது. எடை 3 முதல் 6 கிலோ. முதுகு செம்பழுப்பு, வயிறும் கால்களும் கறுப்பு, முகத்தில் வெள்ளைத் திட்டுகள், நீண்ட புசுபுசு வாலில் வளையம் வளையமாகப் பட்டைகள். குளிர் காலத்தில் அந்த வாலையே போர்வையாகச் சுற்றிக்கொண்டு மரக்கிளையில் சுருண்டு தூங்கும். உள்ளங்காலிலும் ரோமம் உண்டு. பனி படிந்த, பாசி வழுக்கும் கிளைகளில் நடக்க அது உதவுகிறது. கணுக்காலைத் திருப்பிக்கொள்ள முடியும் என்பதால் அணில்போலத் தலைகீழாக மரத்திலிருந்து இறங்கும்.

இந்த நிறம் யாரையும் மயக்குவதற்காக வந்ததல்ல. இது வாழும் மலைக்காட்டு மரங்களில் செம்பழுப்புப் பாசியும் வெள்ளை மரப்பாசியும் கொத்துக் கொத்தாகத் தொங்கும். அந்தக் கிளையில் படுத்துவிட்டால் கீழிருந்து பார்ப்பவருக்கு வயிற்றின் கறுப்பு நிழலோடு கலந்துவிடும். படத்தில் பளிச்சென்று தெரியும் உடை, காட்டில் ஒளிந்துகொள்ளும் உடை!

பாண்டா என்று பெயர் இருந்தாலும் இது கரடி இல்லை. ரக்கூன், மரநாய் போன்ற விலங்குகளுக்குத் தூரத்து உறவு. பெரிய பாண்டாவின் மூதாதையும் இதன் மூதாதையும் 4 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டன. தனக்கென்று ஒரு தனிக் குடும்பம். அந்தக் குடும்பத்தில் இன்று உயிரோடு இருப்பது இது மட்டும்தான். 2020-ல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, இமயமலைப் பாண்டாவும் சீனப் பாண்டாவும் தனித்தனி இனங்கள் என்று சொன்னது. இரண்டும் பிரிந்து 2 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டதாம். அப்படியென்றால் 10,000 என்ற அந்தச் சின்னக் கணக்கையும் இரண்டாகப் பங்கு போட வேண்டும்.

இரண்டு பாண்டாக்களுக்கும் ஒரு விசித்திரமான ஒற்றுமை உண்டு. இரண்டுக்குமே மணிக்கட்டு எலும்பு ஒன்று நீண்டு 'ஆறாவது விரல்' போல இருக்கிறது. மூங்கிலைப் பிடித்துத் தின்ன உதவுகிறது. ஆனால் அது வந்த வழி வேறு. ஸ்பெயினில் மாட்ரிட் அருகே கிடைத்த, சுமார் 90 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய சிமோசயான் என்ற விலங்கின் எலும்புகளை ஆராய்ந்தவர்கள் 2006-ல் ஒரு விஷயத்தைச் சொன்னார்கள். சிவப்புப் பாண்டாவின் அந்தப் பழைய உறவுக்காரனுக்கும் பொய்க் கட்டைவிரல் இருந்தது, ஆனால் அது மூங்கில் தின்னும் விலங்கே இல்லை! மரம் ஏறுவதற்காக வந்த விரல், பிற்காலத்தில் மூங்கில் பிடிக்கப் பயன்பட்டிருக்கிறது. இருப்பதை வைத்துப் பிழைத்துக்கொள்ளும் குணம் இந்தக் குடும்பத்துக்கே உரியது போலும்.

புல் தின்னும் 'புலி'

புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்பார்கள். சிவப்புப் பாண்டா அந்தப் பழமொழியைக் கேள்விப்பட்டதில்லை. உடற்கூறுப்படி பார்த்தால் இது ஊனுண்ணி வரிசையைச் சேர்ந்தது. குடல் குட்டை, மாடு ஆடுகளுக்கு இருப்பதுபோல இரைப்பை அறைகள் கிடையாது. ஆனால் தின்பதோ பெரும்பாலும் மூங்கில். மூங்கில் என்பது புல் வகைதானே! எப்போதாவது பழம், காளான், பறவை முட்டை கிடைத்தால் அதையும் விடாது. அவ்வளவுதான்.

ஊனுண்ணியின் குடலில் போகும் மூங்கில் எப்படிச் செரிக்கும்? தின்றதில் சுமார் கால்வாசிதான் உடம்பில் ஒட்டுகிறது. மீதி வந்த வழியே வெளியே போய்விடும். அதனால் ஒரு நாளைக்குத் தன் எடையில் 20 முதல் 30 சதவீதம் அளவுக்குத் தின்றாக வேண்டும். எந்த இலையானாலும் சரி என்றும் இருக்க முடியாது. பெரிய பாண்டா தண்டையும் சேர்த்துக் கடித்து நொறுக்கும். இது இளம் இலை நுனிகளையும் புது முளைகளையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்னும். தேடுவதிலும் தின்பதிலும் நாளின் பெரும்பகுதி போய்விடும். மிச்ச நேரமெல்லாம் ஓய்வு.

சிவப்புப் பாண்டாவைச் 'சோம்பேறி' என்று எழுதும் கட்டுரைகள் உண்டு. அது அநியாயம். குறைந்த சம்பளத்தில் குடும்பம் நடத்துபவர் ஆட்டோவில் போகாமல் நடந்து போவதைச் சோம்பல் என்று யாராவது சொல்வார்களா? விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பதுபோல, வரவு குறைவு என்பதால் செலவையும் குறைத்து வாழும் விலங்கு இது. அதன் தூக்கம், மெதுவான நடை, தனிமை எல்லாமே கணக்குப் பார்த்த சிக்கனம்.

இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளாமல் இதைக் காப்பாற்றுவது பற்றிப் பேசுவதில் பயனில்லை. பயந்து ஒரு முறை ஓடினால் அது செலவு. நாய் குரைப்பதைக் கேட்டு மரத்திலேயே ஒரு மணி நேரம் ஒடுங்கிக் கிடந்தால், தின்ன வேண்டிய ஒரு மணி நேரம் நஷ்டம். தாய்க்கு அது இன்னும் பெரிய நஷ்டம். ஜூன், ஜூலை மாதங்களில் மரப்பொந்தில் பெரும்பாலும் இரண்டு குட்டிகள் பிறக்கும். ஒவ்வொன்றும் 100 கிராமுக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவே. கண் திறக்கவே இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். தந்தை உதவிக்கு வருவதில்லை. தொந்தரவு இருந்தால் தாய் குட்டிகளை வாயில் கவ்விக்கொண்டு இடம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சிக்கனக் குடும்பத்தில் எதிர்பாராத செலவு வந்தால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கேயும் நடக்கிறது.

வீடு எங்கே?

நேபாளம், பூட்டான், இந்தியா, வடக்கு மியான்மர், தென்மேற்குச் சீனா. இந்தியாவில் சிக்கிம், அருணாச்சலப் பிரதேசம், மேற்கு வங்கத்தின் டார்ஜிலிங், காலிம்போங் மலைகள். சிக்கிமின் மாநில விலங்கே இதுதான். நேபாளத்தில் 'ஹாப்ரே' என்று அழைக்கிறார்கள்.

வரைபடத்தில் பார்த்தால் பெரிய பரப்புபோலத் தெரியும். ஆனால் இதற்கு வேண்டியது மலையில் ஒரு நடுப்பட்டை மட்டுமே. சுமார் 2,200 மீட்டருக்கு மேல், 4,800 மீட்டருக்குக் கீழ். அதிலும் உயர்ந்த மரங்களும் அடியில் அடர்ந்த மூங்கில் புதரும் சேர்ந்திருக்க வேண்டும். மரம் இருந்து மூங்கில் இல்லையென்றால் பட்டினி. மூங்கில் இருந்து பெரிய மரம் இல்லையென்றால் தூங்கவும் குட்டி போடவும் இடமில்லை. வெயிலும் ஆகாது, 25 டிகிரிக்கு மேல் போனால் திணறும். பூமி சூடாகச் சூடாக அந்தப் பட்டை மேலே நகரும். ஆனால் மலைக்கு உச்சி என்று ஒன்று இருக்கிறதே! மூங்கிலுக்கும் ஒரு குணம் உண்டு. பல வகை மூங்கில்கள் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒட்டுமொத்தமாகப் பூத்து, விதை போட்டு, மடிந்துவிடும். முன்பெல்லாம் அந்தச் சமயத்தில் விலங்குகள் பக்கத்துக் காட்டுக்குப் போய்விடும். இடையில் சாலையும் ஊரும் வந்துவிட்டால் எங்கே போகும்?

கை தூக்கினால் பயம் என்று பொருள்

இணையத்தில் அதிகம் பகிரப்படும் படம், பின்னங்காலில் நின்றுகொண்டு இரண்டு கைகளையும் தூக்கியிருக்கும் சிவப்புப் பாண்டா. 'கட்டிப்பிடிக்கக் கூப்பிடுகிறது' என்று அடியில் எழுதுவார்கள். மிரண்டுபோன சிவப்புப் பாண்டா தன்னைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளச் செய்வதும் இதையேதான். 'கிட்டே வராதே' என்று பொருள். 2005-ல் ஜப்பானின் சிபா விலங்குக் காட்சிசாலையில் ஃபூதா என்ற சிவப்புப் பாண்டா நிமிர்ந்து நின்றதைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. அது நிற்பதில் அதிசயம் எதுவுமில்லை. எட்டிப் பார்க்கவும் மிரட்டவும் இந்த இனம் நிற்கும். வேடிக்கை பார்த்தவர்களுக்குத்தான் அது புதிது.

அழகு என்ற எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2024 மார்ச் மாதம் பாங்காக் விமான நிலையத்தில் ஓர் உதாரணம் கிடைத்தது. மும்பைக்குக் கிளம்பிய ஆறு இந்தியர்களின் பெட்டிகளில் 87 விலங்குகள் பிடிபட்டன. அவற்றில் ஒன்று சிவப்புப் பாண்டா. கூடைக்குள்ளிருந்து அது எட்டிப் பார்க்கும் புகைப்படம் உலகமெங்கும் சுற்றியது. சர்வதேச வணிகத்தில் முழுத் தடை, இந்தியச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்புப் பட்டியல், எல்லாம் இருக்கின்றன. ஆனாலும் வீட்டில் வைத்துக் கொஞ்ச ஆள் இருக்கும்வரை பெட்டியில் அடைக்கவும் ஆள் இருப்பான்.

பெரிய எதிரி சின்னதாக இருக்கிறான்

சிவப்புப் பாண்டாவுக்கு எதிரி யார் என்று கேட்டால் பனிச்சிறுத்தை என்று பதில் வரும். அதெல்லாம் காலங்காலமாக இருப்பதுதான். இன்றைய எதிரி நாய்! மலை மேய்ச்சலுக்கு மாட்டோடு போகும் நாய், சுற்றுலா விடுதிகளின் எச்சிலில் பெருகும் தெருநாய். துரத்திக் கடித்துக் கொல்வது ஒரு பக்கம். நாய்களிடமிருந்து பரவும் டிஸ்டெம்பர் நோய் இன்னொரு பக்கம். இந்த நோயைச் சிவப்புப் பாண்டாவால் தாங்கவே முடியாது. நாய்களுக்குப் போடும் உயிருள்ள தடுப்பூசியைக் காட்சிசாலைப் பாண்டாக்களுக்குப் போட்டபோது, அந்த ஊசியாலேயே நோய் வந்து இறந்த சம்பவங்கள் உண்டு. ஆகவே காட்டுக்குள் போய்ப் பாண்டாக்களைப் பிடித்து அந்த ஊசி போடலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஊசி போட வேண்டியது ஊர் நாய்களுக்கு. கருத்தடையும் செய்ய வேண்டும். இதில் படம் எடுத்துப் போட ஒன்றுமே இல்லை. அதனால்தானோ என்னவோ, இதற்குப் பணம் கொடுக்க யாரும் முண்டியடிப்பதில்லை.

அடுத்தது சாலை. 2019-ல் கிழக்கு நேபாளத்தில் 10 சிவப்புப் பாண்டாக்களுக்கு ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை மாட்டி ஓராண்டு கவனித்தார்கள். மனிதத் தொந்தரவு உள்ள இடங்களைத் தவிர்க்க அவை தங்கள் நடமாட்டத்தையே மாற்றிக்கொள்வதும், சாலைகள் அவற்றுக்குத் தடையாக இருப்பதும் தெரியவந்தது. ஒரு மலைச் சாலை நமக்கு நாலு மீட்டர் அகலம். சிவப்புப் பாண்டாவுக்கு அது ஒரு சுவர். இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் ஐந்து என்று பிரிந்துவிட்டால் சில தலைமுறைகளில் உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்து இனம் நலியும்.

இவை போதாதென்று கஸ்தூரி மானுக்கும் காட்டுப்பன்றிக்கும் வைக்கும் கண்ணியில் இது வந்து மாட்டிக்கொள்ளும். யாருக்கோ வைத்த கண்ணி, யாருக்கோ சாவு.

காட்சிசாலை இருக்கிறதே?

'கூண்டில் வளர்த்துக் காட்டில் விட்டால் போதாதா?' என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. 1958-ல் தொடங்கப்பட்ட டார்ஜிலிங் விலங்கியல் பூங்கா இதில் உண்மையிலேயே பாராட்டத்தக்க வேலை செய்திருக்கிறது. 2003-ல் அங்கே பிறந்த இரண்டு பெண் பாண்டாக்கள் சிங்காலிலா தேசியப் பூங்காவில் விடப்பட்டன. மீண்டும் 2022-க்கும் 2024-க்கும் இடையே ஒன்பது விடப்பட்டன. அவற்றில் மூன்று பெண்கள் காட்டிலேயே ஐந்து குட்டிகள் ஈன்றன. சாதாரண விஷயமில்லை!

ஆனால் கணக்கைப் பாருங்கள். சிங்காலிலாவின் பரப்பு 80 சதுர கிலோமீட்டர்கூட இல்லை. பல ஆண்டு உழைப்பில் ஒன்பது விலங்குகள். விடுவதற்கு ஒரு நல்ல காடு இருந்ததால்தான் அதுவும் முடிந்தது. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் ஓட்டையை அடைக்க வேண்டாமா? கூண்டும் பத்திரமான இடம் என்று சொல்லிவிட முடியாது. 2024 நவம்பரில் எடின்பரோ விலங்குக் காட்சிசாலையில் ராக்ஸி என்ற மூன்று மாதக் குட்டி இறந்தது. வெளியே வெடித்த வாணவேடிக்கைச் சத்தத்தில் மிரண்டு, வாந்தி தொண்டையில் அடைத்து இறந்ததாக அங்குள்ள மருத்துவர்கள் கருதினார்கள். ஐந்து நாட்களுக்கு முன்பு அதன் தாயும் இறந்திருந்தது. வேலிக்குள், மருத்துவர் பக்கத்தில் இருந்தும் இந்த நிலை!

மூங்கில் யாருடையது?

மலைக் கிராமத்தாரைக் குறை சொல்வது சுலபம். மாடு மேய்க்கிறார்கள், விறகு வெட்டுகிறார்கள், மூங்கில் வெட்டுகிறார்கள். ஆனால் அந்த மூங்கில்தான் அவர்களுக்கு வேலி, கூடை, தீவனம், முளை சமையலுக்கு. அவர்களும் வரவு குறைந்த குடும்பங்கள்தான். சிவப்புப் பாண்டாவுக்கும் அவர்களுக்கும் ஒரே கடையில் கணக்கு!

அதனால் அவர்களை விலக்கி வைத்துவிட்டுச் செய்யும் பாதுகாப்பு நிற்காது. நேபாளத்தில் சிவப்புப் பாண்டா வாழக்கூடிய காடுகளில் சுமார் 70 சதவீதம் தேசியப் பூங்கா, சரணாலய எல்லைகளுக்கு வெளியே இருக்கிறது. அதில் பெரும்பகுதி, 1993-ன் வனச் சட்டத்துக்குப் பிறகு ஊர்க்காரர்களே நிர்வகிக்கும் சமுதாயக் காடுகள். ரெட் பாண்டா நெட்வொர்க் என்ற அமைப்பு கிழக்கு நேபாளத்தில் அந்த ஊர் மக்களையே 'வனக் காவலர்'களாக நியமித்துச் சம்பளம் கொடுக்கிறது. காட்டில் சுற்றி எச்சத்தையும் தின்ற தடத்தையும் கணக்கெடுப்பதும், கண்ணிகளை அகற்றுவதும், அண்டை அயலாரிடம் பேசுவதும் அவர்கள் வேலை. பார்க்க வரும் பயணிகள் ஊர் வீடுகளிலேயே தங்குகிறார்கள். உயிரோடு இருக்கும் ஹாப்ரேயால் ஊருக்குக் காசு வருகிறது என்றால், அதன் தோலை விற்க வருபவனைத் தடுப்பது ஊரே செய்யும் வேலையாகிவிடும்.

குறை இல்லாமல் இல்லை. பயணிகள் பெருகினால் சாலையும் விடுதியும் எச்சிலும் நாயும் பெருகும். 'பார்த்தே ஆக வேண்டும்' என்று மரத்தடியில் பத்துப் பேர் நின்றால் மேலே இருக்கும் விலங்கு இறங்காது, தின்னாது. எத்தனை பேர், எவ்வளவு தூரத்தில், எந்த மாதத்தில் என்று கண்டிப்பான வரம்பு வேண்டும். குட்டி போடும் மழைக்காலத்தில் யாரும் போகவே கூடாது.

'மனிதனுக்கே சோறில்லை, இதில் பாண்டா வேறா?' என்ற கேள்வியும் வரத்தான் செய்யும். சிவப்புப் பாண்டா கேட்பது பாலும் பழமும் அல்ல. மரமும் மூங்கிலும் நிறைந்த மலைச்சரிவு. அந்தச் சரிவுதான் மழையைப் பிடித்து வைத்து ஊற்றாகவும் ஓடையாகவும் கீழே அனுப்புகிறது, மண் சரியாமல் தாங்குகிறது. பாண்டாவுக்கு என்று காப்பாற்றும் காட்டின் தண்ணீரைக் குடிக்கப் போவது மலையடிவார மனிதர்கள்தான்.

படத்தை ரசிப்பதில் தப்பே இல்லை. ஆனால் சிவப்புப் பாண்டாவுக்கு வேண்டியது கொஞ்சுகிற கைகள் அல்ல. கட்டிப்போட்ட, ஊசி போட்ட நாய். மேய்ச்சல் குறைந்த மூங்கில் புதர். இரண்டு காடுகளை இணைக்கும் ஒரு பச்சைப் பாதை. சம்பளம் ஒழுங்காகக் கிடைக்கும் ஒரு வனக் காவலர். அதற்கு மேல், கொஞ்சம் நிம்மதி.

கை இரண்டையும் தூக்கிக்கொண்டு நிற்கும் அந்தப் படத்தை அடுத்த முறை பார்க்கும்போது அது என்ன சொல்கிறது என்று யோசித்துப் பாருங்கள். 'என்னைத் தூக்கு' என்று அல்ல, 'எட்டி நில்' என்று சொல்கிறது. அன்பு இருப்பவர்கள் கொஞ்சம் எட்டியே நிற்கலாமே!